ஷின்ஜுகுவில் காணாமல் போன சதுக்கம்

தோக்கியோவில் கருத்தரங்கு முடிந்த மறுநாள், இந்தியப் பேராசிரியர் ஷின்ஜுகு ரயில் நிலையத்தைப் பார்க்கச் செல்கிறார். 200-க்கும் மேற்பட்ட வாயில்கள். நாளொன்றுக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள். ஆயினும் குலையாத வரிசை, குப்பையற்ற நடைமேடை. மாலையில் கூரையிட்ட பழைய கடைத்தெரு ஒன்றில் உலாவுகிறார். அன்றிரவே படங்களோடு தீர்ப்பும் வெளியாகிறது: ஒழுங்கு அவர்களின் இரத்தத்தில் ஊறியது, நமக்கு அது வராது.

சுற்றுலாப் பயணி எழுதினால் இதைக் கடந்து போகலாம். ஆய்வுமுறை கற்பிப்பவர் எழுதும்போது அப்படிக் கடந்துவிட முடியாது. வறுமையை 'இயல்பு' என்று விளக்கும் மாணவரின் கட்டுரையைத் திருத்தச் சொல்லும் அதே கை, அயல்நாட்டு நடைமேடையைக் கண்டதும் ஒரு சமூகத்தின் இரத்தத்தைக் காரணம் காட்டுகிறது. வரலாறு அங்கே விடுப்பில் போய்விடுகிறது.

அந்த நிலையத்துக்கோ வரலாறு உண்டு. 1969-இல் அதன் மேற்கு வாயில் நிலத்தடிச் சதுக்கத்தில் வியட்நாம் போரை எதிர்த்து இளைஞர்கள் கிதாருடன் கூடிப் பாடினர். வாரந்தோறும் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். கலவரத் தடுப்புக் காவலர்கள் கண்ணீர்ப்புகை வீசினர். ஜூலையில் பெயர்ப்பலகை மாற்றப்பட்டது: 'சதுக்கம்' என்றிருந்தது 'நடைபாதை' ஆயிற்று. சதுக்கத்தில் நிற்கலாம், நடைபாதையில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். 1996 ஜனவரியில் அதே நிலத்தடிப் பாதையில் அட்டைப்பெட்டி வீடுகளில் வாழ்ந்த வீடற்றோர், நகரும் நடைபாதை அமைப்பதற்காக அப்புறப்படுத்தப்பட்டனர். பின்னர் எவரும் படுக்க முடியாதபடி அங்கே 'கலைப்பொருட்கள்' நடப்பட்டன. பேராசிரியர் வியந்த தடையற்ற ஓட்டத்தில் இந்த வெளியேற்றங்களும் அடக்கம்.

கடைத்தெருவின் கதையும் பண்பாட்டில் முடிவதில்லை. 1973-இல் இயற்றப்பட்ட பெருங்கடைச் சட்டம், பேரங்காடிகளின் பரப்பையும் வேலை நேரத்தையும் கட்டுப்படுத்திச் சிறுகடைகளைக் காத்தது. அமெரிக்க வணிக அழுத்தத்தால் 1990-களில் அது தளர்ந்தது, 2000-இல் நீக்கப்பட்டது. இன்று ஜப்பானின் சிறுநகரங்கள் பலவற்றில் கடைத்தெருக்கள் கதவடைத்துக் கிடக்கின்றன. 'ஷட்டர் தெரு' என்றே அவற்றுக்குப் பெயர். பண்பாடுதான் காரணமென்றால், அதே மக்கள் வாழும் ஊர்களில் அத்தெருக்கள் ஏன் வெறிச்சோடின?

வியப்பு தவறன்று. அடிக்கடி வரும் ரயிலும் தூய கழிப்பறையும் எந்தக் குடிமகனும் கோரத்தக்கவை. ஆனால் அவை முதலீட்டாலும் நாள்தோறும் நடக்கும் துப்புரவுப் பணியாளர்களின் உழைப்பாலும் கிடைப்பவை. அவற்றை 'ஒழுக்கம்' என்று பெயரிட்ட கணமே, இங்கே ஒழுக்கமற்றவர் யார் என்ற தேடல் தொடங்குகிறது. விரல் நீள்வது எப்போதும் பூக்காரியை நோக்கியும் சுண்டல் விற்பவரை நோக்கியும்தான்.

அந்த விரலுக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடியும்வரை வியாபாரிகளை வெளியேற்றக்கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடங்களை அவர்களுக்கே அளிக்கிறது. ஆனால் ரயில்வே நிலத்துக்கு இச்சட்டம் பொருந்தாது என்று அதன் முதல் பிரிவே விலக்களிக்கிறது. அங்கே உரிமமின்றி விற்பது 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். நாடெங்கும் நூற்றுக்கணக்கான நிலையங்கள் இன்று மறுசீரமைக்கப்படுகின்றன. 'வெளிநாட்டைப் போல' என்ற சொற்றொடர், படித்தவர்களின் பதிவுகளிலிருந்து கிளம்பி, அந்த வியாபாரிகளை அகற்றும் பணிக்கு நியாயமாகிறது.

அயல்நாட்டு நிலையத்தில் ஒரு மணிநேரம் உலவுவது நல்ல களப்பணியாகலாம். அதற்குச் சில கேள்விகள் போதும்: இங்கே உட்கார இடமுண்டா? கட்டணமின்றி யார் உட்காரலாம்? இரவில் யாரை எழுப்பி அனுப்புகிறார்கள்? இந்தச் சிறுகடையை இதுவரை காத்தது எந்தச் சட்டம்? இவற்றைக் கேட்காமல் திரும்புபவர் படங்களை மட்டும் வெளியிடட்டும். தீர்ப்பை நிறுத்தி வைக்கட்டும்.