மாளிகைகளின் மின்சாரக் கணக்கு

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்டது. லேத் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் நிறைந்த அவ்விடத்தில் இன்று கண்ணாடி வேய்ந்த காரியாலய மாளிகைகளும், இரவு பகலாகக் குளிரூட்டப்படும் கணினித் தரவு நிலையங்களும் எழுந்துள்ளன. ஆவடியிலும் பூந்தமல்லி ரஸ்தாவிலும் வணிகக் கட்டிடங்கள் பெருகி வருகின்றன. இவ்வளர்ச்சியைக் கண்டு நாம் மகிழ்கிறோம். ஆயினும், இம்மாளிகைகள் உண்ணும் மின்சாரத்திற்குக் கணக்குக் கேட்பவர் யார் என்று வினவுவது நமது கடமையாகும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2001-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் நிறைவேறிற்று. 2007-இல் வணிகக் கட்டிடங்களுக்கான விதித்தொகுப்பு வெளியாயிற்று. 2017-இல் அது திருத்தப்பட்டது. 100 கிலோவாட் மின்பளுவோ 120 கேவிஏ ஒப்பந்தத் தேவையோ உடைய கட்டிடங்கள் அதன் வரம்பிற்குள் அடங்கும். சாதாரணக் கட்டிடத்தைவிடக் குறைந்தது 25 சதவீத எரிசக்தியாவது மிச்சமாக வேண்டும் என்பது அதன் நோக்கம். சுவரிலும் கூரையிலும் புகும் வெப்பம், கண்ணாடியின் அளவு, விளக்குகளின் சக்தி, குளிர்சாதனத்தின் திறன் ஆகிய யாவற்றிற்கும் அளவுகோல் உண்டு. அதனை அமுலாக்கும் பொறுப்பு ராஜ்ய சர்க்காரையும் ஸ்தல ஸ்தாபனங்களையும் சார்ந்தது.

குறை எங்கே உளது? கட்டிடம் எழும்புமுன் வரைபடத்தோடு ஓர் அறிக்கை தாக்கலாகிறது. அது காகிதத்திலுள்ள கட்டிடத்தின் யோக்கியதையையே கூறும். குடியேறிய பின்னர் குளிர்சாதனம் எத்தனை டிகிரியில் ஓடுகிறது, ஆளில்லாத மாடிகளில் விளக்குகள் எரிகின்றனவா, இயந்திரங்கள் பழுது பார்க்கப்படுகின்றனவா என்பதை அது கூறாது. குளிர்சாதனத்தின் அளவை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று டில்லியிலுள்ள எரிசக்தித் திறன் பணியகம் கூறுகிறது. இச்சிக்கனம் அன்றாட நடத்தையில் விளைவது. ஒரு நாள் அறிக்கையில் அடங்குவதன்று.

“தன் மின்சாரத்திற்குத் தானே பணம் கொடுப்பவனைப் பிறர் கேட்பானேன்?” என்று சொல்வாருண்டு. இவ்வாதம் நிலைக்காது. கட்டுபவன் ஒருவன், வாடகைக்கு வந்து கட்டணம் செலுத்துபவன் மற்றொருவன். மலிவாகக் கட்டியவனது லாபம் குடியிருப்பவனது நஷ்டமாகிறது. அன்றியும், நஷ்டம் அவ்விருவரோடு நிற்பதில்லை. 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை அதுவரை காணாத 20,830 மெகாவாட்டை எட்டிற்று. அத்தகைய உச்சத்திற்கு ஈடுகொடுக்க வாங்கும் மின்சாரத்தின் விலை ஜனங்கள் அனைவர் தலையிலும் விழுகிறது. 2022 செப்டம்பரில் கட்டணம் உயர்ந்தது. நிலைக்கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் தாங்க மாட்டாத சிறுதொழிலார் 2023 செப்டம்பர் 25-ஆம் தேதி ராஜ்யமெங்கும் கதவடைப்புச் செய்தனர். லேத் பட்டறைக்காரன் யூனிட் யூனிட்டாக எண்ணிச் செலவிடுகையில், அடுத்த மனையிலுள்ள மாளிகை தனது விரயத்தை மறைத்து வைத்திருப்பது நியாயமாகுமா? அனல் நிலையங்களில் எரியும் நிலக்கரியின் சாம்பலை எண்ணூர்க் கழிமுகத்து மீனவர்களே சுமக்கின்றனர் என்பதையும் மறத்தல் தகாது.

பரிகாரம் அரிதன்று. குளிர்ப்பெட்டி வாங்கச் செல்லும் சாமானியன் அதன்மீதுள்ள நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்தே விலை பேசுகிறான். பல லட்சம் வாடகைக்கு ஒரு மாடியை எடுப்பவனுக்கு அவ்வசதி இல்லை. காரியாலயக் கட்டிடங்களுக்கு 2009 முதல் நட்சத்திர மதிப்பு உண்டு. எனினும் அது விரும்பினோர்க்கு மட்டுமே. நியூயார்க் நகரிலோ, 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டிடங்கள் தமது எரிசக்தித் தரத்தைக் குறிக்கும் எழுத்தை 2020 முதல் வாசலிலேயே ஒட்டிவைக்க வேண்டும். சிங்கப்பூரில் 2013 முதல் கட்டிட உரிமையாளர் ஆண்டுதோறும் கணக்குச் சமர்ப்பிக்கின்றனர். அங்கெல்லாம் வியாபாரம் நசித்துவிடவில்லை.

ஆதலின் நாம் கோருவது இதுவே. வரம்பிற்குட்பட்ட ஒவ்வொரு வணிகக் கட்டிடமும், சதுர மீட்டருக்கு ஆண்டில் எத்தனை யூனிட் செலவிட்டது என்பதைத் தமிழில் எழுதி வாசலில் தொங்கவிடுக. அதனை மின்வாரியத்தின் பட்டியலோடு ஒப்பிட்டு மின் ஆய்வுத் துறை சரிபார்க்குக. முதற்கண் சர்க்கார் காரியாலயங்களும் ஸ்தல ஸ்தாபனங்களின் கட்டிடங்களும் இதனைச் செய்து காட்டுக. தான் செய்யாததைப் பிறர்க்கு உபதேசிக்கும் சர்க்காரை எவரும் மதியார். அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தது, ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. மூன்றும் ஒரே முறையைக் கைக்கொள்ளாவிடின், ஓர் எல்லையில் தடுக்கப்பட்ட விரயம் மறு எல்லையில் குடியேறும்.

இவ்வூர்களின் தொழிற்சங்கத்தாரும் சிறுதொழிலதிபர்களும் வார்டு பிரதிநிதிகளும் இக்கோரிக்கையைத் தத்தம் மன்றங்களில் எழுப்புவார்களாக. அறிக்கை அதிகாரியின் பீரோவில் உறங்கும் வரை, அது உரிமையாளருக்கும் அதிகாரிக்கும் இடையேயுள்ள காகிதமே. வாசலில் தொங்கும் அன்றே அது பொதுஜனங்களின் சொத்தாகும்.