கூரையைத் தொடாத சுவர்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள் நம் பெரியோர். கட்டடப் பொறியியல் பயிலும் நான் இங்கே சித்திரத்தைப் பற்றி எழுத வரவில்லை. சுவரைப் பற்றித்தான் எழுத வந்திருக்கிறேன். அதிலும் ஒரே ஒரு சுவரைப் பற்றி. நம் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே நிற்கும் சுவர் அது.

தமிழ்ப்பள்ளியில் அதைச் ‘சுவர்’ என்று படித்தேன். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அது ‘டிண்டிங்’ ஆனது. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ‘பார்ட்டி வால்’ என்றபோது, விருந்து நடக்கும் இடமோ என்று பின்வரிசையில் நாங்கள் சிரித்தோம். பிறகுதான் விளங்கியது, இங்கே பார்ட்டி என்றால் விருந்தல்ல, பங்காளி. இரு வீட்டாருக்கும் பங்குள்ள பொதுச் சுவர் அது.

அந்தச் சிரிப்பு இரண்டாம் ஆண்டு விடுமுறையில் நின்றுபோனது. எங்களுடையது தாமானில் ஒற்றை மாடி வரிசை வீடு. ஓர் இரவு பக்கத்து வீட்டு மக்சிக்கின் சமையலறையில் எண்ணெய்ச் சட்டி தீப்பற்றிக்கொண்டது. நல்லவேளையாக, ஈரத்துணியைப் போட்டு மூடி அணைத்துவிட்டார்கள். யாருக்கும் காயமில்லை. ஆனால் அந்தப் புகை எங்கள் வீட்டில், பாட்டி படுத்திருந்த அறையில், விளக்கு மாட்டிய ஓட்டை வழியாக இறங்கியது. நடுவே செங்கல் சுவர் இருக்கும்போது புகை எப்படி வந்தது?

மறுநாள் அப்பாவும் நானும் டார்ச் விளக்குடன் சிலிங்குக்கு மேலே ஏறிப் பார்த்தோம். சுவர் சிலிங்குக்குச் சற்று மேலே நின்றுவிட்டிருந்தது. அதற்கு மேல் ஓடு வரை வெட்டவெளி. ஒரு பூனை தாராளமாக நடந்து போகலாம். கீழே இறங்கி வந்து சொன்னபோது பாட்டி வியப்படையவில்லை. “தோட்டத்து லயத்துலயும் இப்படித்தான்யா. அடுத்த வீட்டுக் கொழம்பு வாசம் கூர வழியாத்தான் வரும். தோட்டத்த விட்டு வந்தோம், அந்தச் செவுரு மட்டும் நம்ம கூடவே வந்திருச்சு” என்றார்.

வாசகர்களே, இது விதியில்லாத குறையல்ல. நம் நாட்டின் 1984-ஆம் ஆண்டு சீரான கட்டட உட்சட்டங்கள், பொதுச் சுவர் பொதுவாக 200 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும் என்றன. கான்கிரீட் சட்டகத்தில் எழும் வரிசை வீடுகளுக்கு 100 மில்லிமீட்டர் போதும் என்று சலுகையும் தந்தன. அதோடு, சுவர் கூரையைத் துளைத்து 230 மில்லிமீட்டர் மேலே எழ வேண்டும் என்றும் கூறின. பின்னர் மாநிலத்துக்கு மாநிலம் திருத்தங்கள் வந்துள்ளன. ஆனாலும் அடிப்படை மாறவில்லை: தீ ஒரு வீட்டோடு நிற்க வேண்டும். இலண்டன் மாநகரம் 1666-இல் பற்றி எரிந்த பிறகு ஆங்கிலேயர் கற்ற பாடமும் இதுதான்.

ஒரு சுவர் ஒரு மணி நேரம் தீயைத் தாங்கும் என்றால் என்ன பொருள்? சோதனை உலையில் ஒரு மணி நேர முடிவில் வெப்பம் ஏறத்தாழ 945 பாகை செல்சியஸை எட்டும். அதுவரை சுவர் விழக்கூடாது. சுடர் மறுபக்கம் நுழையக்கூடாது. மறுபக்கத்தின் வெப்பமும் சராசரியாக 140 பாகைக்கு மேல் உயரக்கூடாது. சாதாரணச் செங்கல் சுவருக்கு இது பெரிய காரியமல்ல. ஆனால் தீ சுவரோடு மல்லுக்கு நிற்பதில்லை. சுவர் இல்லாத இடத்தைத் தேடிப் போகிறது. கூரைக்குள் இடைவெளி இருந்தால், கீழே எத்தனை கனமான சுவர் கட்டியும் பயனில்லை.

பழியை மேம்பாட்டாளர் மீது மட்டும் போட்டுவிட்டு நாம் தப்பிக்கவும் முடியாது. வீடு வாங்கியதும் நாம் செய்வதென்ன? குளிர்சாதனக் குழாய்க்கு ஒரு துளை, மின்கம்பிக்கு ஒரு துளை. பிளாஸ்டிக் குழாய் தீயில் உருகினால் மிஞ்சுவது வெறும் ஓட்டைதான். சமையலறையைப் பின்னால் நீட்டும்போது, கூரையின் மரச்சட்டத்தைப் பொதுச் சுவரின் மேலேயே போட்டு அடுத்த வீட்டோடு இணைத்துவிடுகிறோம். தீபாவளிக்கு வண்ணம் பூசச் செலவழிக்கும் நாம் சிலிங்குக்கு மேலே ஒருமுறையாவது எட்டிப் பார்த்திருக்கிறோமா?

“பக்கத்து வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள வேண்டுமே, செலவு ஆகுமே” என்பார்கள் சிலர். உண்மைதான். எங்களுக்கும் மக்சிக் வீட்டாரோடு உட்கார்ந்து பேச இரண்டு வாரம் ஆனது. ஆனால் பேசி முடித்த பிறகு, ஒரு கொத்தனார் மூன்றே நாளில் செங்கல் அடுக்கி ஓடு வரை சுவரை உயர்த்தினார். ஓட்டின் வளைவில் எஞ்சிய சந்துகளில் எரியாத பாறைப் பஞ்சைத் திணித்தார். செலவை இரு வீடும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டோம். சுவரை உயர்த்தியதால் உறவு குறையவில்லை, கூடியது.

புதிதாக வீடு வாங்குவோருக்கு இந்தச் செலவும் வேண்டாம். மேம்பாட்டாளரிடம் நேரடியாக வாங்கும் வீட்டுக்கு, ஒப்பந்தப்படி வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 24 மாதங்கள் குறைதீர்க்கும் காலம் உண்டு. தரையோடு கதவோடு நிறுத்தாமல் கூரைக்குள்ளும் பாருங்கள். குறை இருந்தால் படம் எடுத்து எழுத்துமூலம் கொடுங்கள்.

நம்மில் பலருடைய பெற்றோருக்கு வீட்டு ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்பவர்கள் நாம்தான். மும்மொழியும் அறிந்து என்ன பயன், சொந்த வீட்டுக் கூரைக்குள் இருப்பதைப் பாட்டிக்கு நம்மால் எடுத்துச் சொல்ல முடியாவிட்டால்? இந்த விடுமுறைக்கு வீடு திரும்பும்போது ஒரு ஏணியும் ஒரு டார்ச் விளக்கும் எடுங்கள். ஏறிப் பாருங்கள். பிறகு இறங்கி வந்து, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.