இருமல் கேட்டாலும் கச்சேரிப் பதிவே வேண்டும்

கூலாயில் இருந்துகொண்டு கர்நாடக இசை பயிலும் மாணவருக்குச் சென்னை சபாக் கச்சேரிகள் எட்டாத தூரம். யூடியூப்தான் துணை. அதிலும் இருமலோ நாற்காலி இழுக்கும் ஓசையோ கேட்டால் அடுத்த பதிவுக்குத் தாவிவிடுகிறோம். அது பெரிய இழப்பு.

மதுரை மணி ஐயரை (1912-1968) இன்று நாம் பெரும்பாலும் கச்சேரிப் பதிவுகளில்தான் கேட்கிறோம். இரைச்சல் உண்டு. ஆனால் கற்பனைஸ்வரம் அந்த நிமிடத்தில் பிறக்கிறது. வயலின் பதில் சொல்கிறது, மிருதங்கம் விரட்டுகிறது, அவர் இன்னொரு சுற்றுப் போகிறார். அக்கால 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான். அதில் இதற்கு ஏது இடம்?

மேல்நாட்டு ஆப்பெரா ரசிகர்களும் இப்படித்தான். மரியா காலஸ் 1958இல் லிஸ்பனில் பாடிய 'லா டிராவியாட்டா' பதிவில், பாடகர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பவரின் குரல்கூடக் கேட்கும். ஆனாலும் அதைத் தேடிக் கேட்கிறார்கள்.

கீர்த்தனையைப் பாடம் செய்ய ஸ்டூடியோ பதிவே நல்லது. சங்கதிகள் தெளிவாக விழும். மனோதர்மம் பழக வேண்டுமா? ஒரு முழுக் கச்சேரியை வெட்டாமல் கேளுங்கள். முதல் பத்து நிமிடம் இரைச்சல் உறுத்தும். பிறகு காது அதைத் தானே ஒதுக்கிவிடும்.