பூட்டும் அடக்கமும்

2020 மார்ச் 24 இரவு அறிவிக்கப்பட்டதைத் தமிழில் ஊரடங்கு என்றோம். மராத்தியில் டாளேபந்தி என்றார்கள். போசரியில் நின்று கேட்டால் இவை ஒரே சொல் அல்ல. டாளே என்றால் பூட்டு. முதலாளி ஆலையைப் பூட்டித் தொழிலாளரை வெளியே நிறுத்தும் கதவடைப்புக்கு மராத்தியில் முன்பே வழங்கிய பெயர் அது. தொழிற்பேட்டையை நம்பி வாழும் ஊரில் அச்சொல் எழுப்பும் முதற்கேள்வி, ‘கூலி வருமா?’ என்பதே. மளிகைக் கடை வாசலில் சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்றவர் பருப்பை அரைக் கிலோ கேட்பதா, கால் கிலோ கேட்பதா என்பதும் அதன் விடையைப் பொறுத்ததுதான்.

பிடித்தமின்றி ஊதியம் தருமாறு மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் ஆணையிட்டது. மே 18 முதல் அவ்வாணை விலக்கப்பட்டது. இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. (ஊருக்கு நடந்தே போய்விட்டவர் யாரோடு பேசுவார்?)

நம் சொல்லோ தன்வினை. ஊர் தானாக அடங்கியதாம். அடக்கியவர் அதில் இல்லை. தொற்றைத் தடுக்க அடைப்பு தேவைப்பட்டதை நான் மறுக்கவில்லை. அடைத்தவருக்குரிய பொறுப்பு சொல்லிலிருந்தே நழுவுவதைத்தான் மறுக்கிறேன். ‘பொது முடக்கம்’ ஓரளவு மேல்: முடங்குதல், முடக்குதல் இரண்டுக்கும் அது இடம் தருகிறது. என் ஆய்வேட்டில் அதையே எழுதுகிறேன்.