வேலை போனால் வீடும் போகணுமா?

போன மாதம் ஒரு தோட்டத்துக் கோயில் திண்ணையில் அவரைப் பார்த்தேன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. காஜாங் சிறையிலிருந்து வந்து மூன்று நாளாகிறதாம். அதே தோட்டத்தில் இருபது வருடம் செம்பனைக் குலை வெட்டியவர். குடியிருந்த லயத்து வீட்டில் இப்போது வேறு ஆட்கள். மனைவி, பிள்ளைகள் பட்டணத்தில் மச்சான் வீட்டில் ஒரே அறையில் கிடக்கிறார்கள்.

"அங்க எனக்குப் படுக்க இடமில்லேண்ணே. இங்க தங்கக் கூடாதுன்னு ஜாகா விரட்டுறான். நான் எங்க போறது?"

தப்பு செய்தார், தண்டனையும் அனுபவித்தார். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வீட்டையும் பறிக்கச் சொல்லி எந்த நீதிபதி தீர்ப்பு எழுதினார்?

தோட்டத்து வீடு வேலையோடு கட்டிப்போட்ட வீடு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 15ஆவது பிரிவைப் பாருங்கள். விடுப்புச் சொல்லாமல் தொடர்ந்து 2 வேலை நாளுக்கு மேல் வராதவர், தக்க காரணம் காட்டித் தகவல் தர முயலாவிட்டால், ஒப்பந்தத்தை முறித்தவராகிறார். போலீஸ் ஆளைக் கொண்டுபோனதும் நம் பெண்கள் வெட்கத்தில் ஆபீஸ் பக்கமே போவதில்லை. இங்கேதான் கோட்டை விடுகிறோம்! அன்றைக்கே கிளைச் செயலாளரைக் கூட்டிக்கொண்டு போய்க் கடிதம் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். வேலை நிலைக்கும் என்று சத்தியம் செய்யமாட்டேன். சங்கம் வாதாட ஒரு பிடி கிடைக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. அந்த அம்மாள் ஒன்பது வருடமாக அதே தோட்டத்தில் மருந்து அடித்தவர். ஆனால் குத்தகைக்காரரிடம்! தோட்டத்துப் பேர்ப் பதிவில் அவர் பெயரே இல்லை. இருந்திருந்தால் வீட்டை அவர் பெயருக்குக் கேட்டிருக்கலாம். குத்தகையில் வேலை செய்யும் தாய்மார்களே, நிரந்தரப் பதிவை இப்போதே கேளுங்கள், புருஷன் நல்லபடியாக இருக்கும்போதே!

பட்டணத்தில் அறை எடுக்கலாம் என்பார்கள். இரண்டு மாத டெபாசிட், ஒரு மாத முன்வாடகை என்று கேட்பார்கள். சிறையிலிருந்து வந்தவர் எங்கே போவார்? கோலாலம்பூரில் பி.பி.ஆர். வீட்டு வாடகை 124 வெள்ளிதான், ஆனால் மனுப் போட்ட மறுநாள் யாரும் சாவி தருவதில்லை. 2008 முதல் பரோல் இருக்கிறது. அதில் வருகிறவருக்கும் தங்கியிருக்க ஒரு விலாசம் வேண்டுமே!

"அவன் இங்க இருந்தா நம்ம புள்ளைங்க கெட்டுடும்" என்றார் கோயில் பெரியவர் ஒருவர். அவன் பிள்ளைகளும் இந்த லயத்தில் பிறந்தவைதானே என்றேன். பதில் வரவில்லை.

இப்போது நம் கிளைத் தோழர் ஒருவர் தன் வீட்டுப் பின்கட்டில் படுக்க இடம் கொடுத்திருக்கிறார். அம்மாளை நேரடி வேலையில் சேர்த்து வீடு தரச்சொல்லி நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறோம். அடுத்த வாரம் நேரில் போகிறேன்.