முதல் ஹெட்போன்: காசு எங்கே போக வேண்டும்?

கல்லூரி விடுதியில் ஒருவன் புது ஹெட்போன் வாங்கப் போகிறான் என்ற செய்தி கசிந்தால் போதும். எதிர் அறையிலிருந்து ஒருத்தர், மாடியிலிருந்து ஒருத்தர் என்று ஆலோசகர்கள் வரிசை கட்டி வந்துவிடுவார்கள். "டாக் இல்லாம வாங்கினா வேஸ்ட்டு மச்சி" என்பார் ஒருவர். "ஆம்ப் போடலைன்னா அந்த ஹெட்போன் முழிக்கவே முழிக்காது" என்பார் அடுத்தவர். மூன்றாமவர் கேபிளையே மாற்றச் சொல்வார். 5,000 ரூபாயோடு கிளம்பியவன் கையில் கடைசியில் 15,000 ரூபாய்க்கு ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டபடி, ஒரு காது செத்துப்போன பழைய இயர்போனிலேயே அந்த செமஸ்டரையும் ஓட்டிவிடுவான்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். முதல் முறை வாங்குபவரின் காசு கிட்டத்தட்ட முழுவதும் ஹெட்போனுக்கே போக வேண்டும். மற்ற பெட்டிகள் எல்லாம் பிறகு. பலருக்கு அவை எப்போதுமே தேவைப்படாது.

ஏன்? முதலில் இந்த டாக் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஃபோனில் இருக்கும் பாட்டு வெறும் எண்கள். அந்த எண்களை மின் அலையாக மாற்றுவதுதான் டாக்கின் வேலை. அது இல்லாமல் எந்தக் கருவியிலிருந்தும் சத்தமே வராது. ஆகவே, பாட்டுக் கேட்கும் ஒவ்வொருவரிடமும் ஏற்கெனவே ஒரு டாக் இருக்கிறது! 2016-ல் ஐஃபோன் 7 ஹெட்போன் துளையைத் தூக்கியெறிந்தது. பல கம்பெனிகள் அதே வழியில் போயின. அதற்குப் பிறகு விற்கப்படும் விரல் நீள அடாப்டர்களில் பெரும்பாலானவற்றுக்குள் ஒரு குட்டி டாக்கும் ஒரு குட்டி ஆம்ப்பும் ஒளிந்திருக்கின்றன. ஆரம்பத்துக்கு அது தாராளம்.

"சரி, ஆனா ஹை-ரெஸ் கேட்க பெரிய டாக் வேணுமே?" என்று ஒரு கேள்வி வரும். 1982-ல் கடைக்கு வந்த சிடி, ஒரு நொடிக்கு 44,100 முறை 16 பிட் அளவில் ஒலியை அளந்து வைக்கிறது. இதில் சுமார் 22,000 ஹெர்ட்ஸ் வரை அடங்கிவிடும். நல்ல இளம் காதுக்கு எட்டுவதே 20,000 வரைதான். 2007-ல் மேயர், மொரான் என்ற இருவர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவையும், அதையே சிடி தரத்துக்குக் குறைத்ததையும் எது எது என்று சொல்லாமல் போட்டுக் காட்டினார்கள். கேட்டவர்களால் வழக்கமான சத்த அளவில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. காசு சுண்டிப் பூவா தலையா பார்த்த மாதிரிதான் விடைகள் வந்தன.

அடுத்து ஆம்ப். இதற்குப் பள்ளிக்கூடப் பௌதிகமே போதும். 1 வோல்ட் தரக்கூடிய ஒரு அடாப்டரை எடுத்துக்கொள்வோம். ஹெட்போன் 32 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் தரும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் 31 மில்லிவாட். திறன் பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும் என்ற கணக்கில், முழு வால்யூமில் சுமார் 115 டெசிபல். அது பாட்டுக் கேட்கும் அளவு இல்லை, காதைக் கிழிக்கும் அளவு!

அப்படியானால் ஆம்ப் விற்பவர்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்களா? இல்லை. ஹெட்போன் 300 ஓம், 97 டெசிபல் என்றால் அதே அடாப்டர் 3.3 மில்லிவாட்தான் தரும். உச்சம் 102 டெசிபல். மெல்ல ஆரம்பித்துத் திடீரென்று பொங்கும் ஆர்கெஸ்ட்ரா இசைக்கு அது சில நேரம் பற்றாமல் போகலாம். 1997-ல் வந்து இன்றும் கொண்டாடப்படும் சென்ஹைசர் எச்டி 600 இந்த 300 ஓம் வகைதான். ஆக, ஆம்ப் என்பது சில ஹெட்போன்களுக்கான மருந்து, எல்லாருக்குமான சத்துமாவு அல்ல. முதல் ஹெட்போனை 50 ஓமுக்குள் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் அந்த மருந்துச் செலவே கிடையாது.

விலை கூடினால் ஒலி கூடுமா? 2017-ல் ஜெரோன் பிரேபார்ட் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை விலையோடு ஒப்பிட்டு, அதிர்வெண் நடத்தைக்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்று அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் எழுதினார். காது மெத்தை, உழைப்பு, அழகு இதற்கெல்லாம் விலை உண்டுதான். ஆனால் விலைச்சீட்டைப் பார்த்து ஒலியை எடைபோட முடியாது.

பிறகு எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? எங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறோம் என்பதை வைத்து. பின்பக்கம் திறந்த வகையில் இசை விசாலமாக, வெளியில் ஒலிப்பது போல் இருக்கும். ஆனால் வெளிச்சத்தம் உள்ளே வரும், உள்ளே ஓடும் பாட்டு பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கும். அறைத்தோழருக்குப் பரீட்சை என்றால் அன்றோடு நட்பு முடிந்தது. தனி அறை உள்ளவருக்கே அது சரி. விடுதிக்கு மூடிய வகை. 1991-ல் வந்த சோனி எம்டிஆர் 7506 இந்த ரகம், ஸ்டூடியோக்களில் இன்னும் புழங்குகிறது. பஸ்ஸிலும் ரயிலிலும் போய்வருபவருக்குக் காதுக்குள் இறுகப் பொருந்தும் வயர் இயர்போனே மலிவும் நிறைவும். இரைச்சலை அடக்கும் ப்ளூடூத் வகையும் பஸ்ஸுக்கு அருமையானதுதான். ஒரே குறை, அதன் பேட்டரிக்கு ஆயுள் உண்டு. 1984-ல் வந்த காஸ் போர்ட்டா ப்ரோ அதே உருவத்தில் இன்றும் விற்பனையில் இருக்கிறது. வயருக்கு வயதாவதில்லை.

கடையில் போட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், நூறு முறை கேட்டு மனப்பாடமான பாட்டையே போட வேண்டும். மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும் தனித்தனியாகக் கேட்கிறதா? இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் தன் போக்கில் நடந்து போவதைப் பின்தொடர முடிகிறதா, அல்லது வெறும் "தொம் தொம்" மட்டும்தானா? பாடகியின் 'ச' காதில் குத்துகிறதா? அரை மணி நேரம் கழித்துக் காது மடல் வலிக்கிறதா? இந்த நான்கு கேள்விகளும் எந்த விளம்பரத்தையும் விட நேர்மையானவை.

கடைசியாக, யாரும் பட்டியலில் சேர்க்காத ஒரு கருவி இருக்கிறது. காது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட அளவுகோல்படி, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் வரை பாதுகாப்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 89 டெசிபலில் வாரத்துக்கு 5 மணி நேரம்தான். தினமும் பஸ் இரைச்சலுக்கு மேல் வால்யூமை ஏற்றுபவர் அதை இரண்டு மூன்று நாளிலேயே தீர்த்துவிடுவார். உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் மனிதருக்கு ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. ஆகவே வெளிச்சத்தத்தைத் தடுக்கும் ஹெட்போன் ஆடம்பரம் இல்லை, வால்யூமைக் குறைக்க உதவும் கவசம்.

ஆம்ப் அடுத்த வருடம் வாங்கலாம். டாக் வேலைக்குப் போனபிறகு வாங்கலாம். காது மட்டும் ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் கிடைக்காது.