ஒல்லி வேறு, திடம் வேறு

கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு இயல்பிலேயே வலு அதிகம் என்று நகரத்தார் நெடுநாளாக நம்புகிறார்கள். இடுப்பில் தண்ணீர்க் குடம், பள்ளிக்கு நடை, லீவு நாளில் களையெடுப்பு என்று வளரும் பிள்ளைக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு என்பார்கள். இதில் பாதிதான் உண்மை.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் எடை கூடியவர்கள் நகரத்தில் நூற்றுக்கு 33 பேர், கிராமத்தில் 20 பேர். இந்தக் கணக்கில் கிராமத்தின் நிலை மேல். ஆனால் 15–19 வயதுப் பெண்களின் ரத்தசோகையைப் பார்த்தால் இரு பக்கமும் மோசம். நகரத்தில் பாதிக்கு மேல், கிராமத்தில் நூற்றுக்கு 60. ஹீமோகுளோபின் குறைந்தால் தசைகளுக்குப் போகும் ஆக்சிஜனும் குறையும். கொஞ்ச தூரம் ஓடினாலே மூச்சு வாங்கும், கண் இருட்டும். குடம் தூக்கும் அந்தப் பிள்ளையும் இந்த 60 பேரில் ஒருத்தியாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவள் ஒல்லியாக, சுறுசுறுப்பாகத்தான் தெரிவாள்.

வயதுக்கு வந்த பிறகு அவளுக்கு வேலை குறைவதில்லை, விளையாட்டுதான் நின்றுபோகிறது. "பொட்டப்புள்ளைக்கு என்ன ஓட்டம்?" என்ற ஓர் அதட்டல் போதும்.

நகரத்தில் அதட்டல் குறைவு, இடமும் குறைவு. பள்ளிக்கு வேன், டியூஷனுக்கு அப்பாவின் ஸ்கூட்டர், வீடு மூன்றாவது மாடியில். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பி.டி. பீரியடும் கணக்குப் பாடத்துக்குப் போய்விடும். தெருவில் கொஞ்சம் காலியிடம் கிடைத்தாலும் பையன்களின் கிரிக்கெட் அதைப் பிடித்துக்கொள்ளும். வளரிளம் பருவத்தினர் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் அசைய இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016 நிலவரப்படி, இந்தியாவில் 11–17 வயதுப் பெண்பிள்ளைகளில் நூற்றுக்கு 76 பேர் அந்த அளவை எட்டவில்லை.

இத்தகைய தடைகளைத் தாண்டியவர்களும் உண்டு. மதுரை அருகே சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடினார். பெற்றோரை இழந்த அவரைக் கூலி வேலை பார்த்து வளர்த்தவர் பாட்டி ஆரம்மாள். வெறுங்காலில் ஓடிய அந்தப் பிள்ளையைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டுகொண்டார். தயங்கிய பாட்டியிடம் பேசிச் சம்மதம் வாங்கினார், மதுரையில் கல்லூரியும் விடுதியும் கிடைக்க வழி செய்தார். ஓடும் கால் கிராமத்தில் இருந்தது, பயிற்சியும் களமும் நகரத்தில் இருந்தன. நடுவில் ஒரு மனிதர் மெனக்கெட்டார்.

அப்படி ஒருவர் எல்லாப் பிள்ளைக்கும் வாய்க்க மாட்டார். ஒவ்வோர் அரசுப் பள்ளி மைதானத்திலும் மாலையில் ஒரு மணி நேரத்தைப் பெண்பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கி, ஒரு பி.டி. டீச்சரையும் இருட்டுவதற்குள் வீடு சேர ஒரு பஸ்ஸையும் அரசு தர வேண்டும்.